நிறுத்திவிட்ட மலைநடை ஷூவுக்கு மாற்று: எதை வைத்துத் தேடுவது?

ஒத்தையடி:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வருஷமாக ஒரே மாடல் ஷூவில்தான் மலை ஏறி இறங்குகிறேன். முதல் ஜோடி நாலு வருஷம் வந்தது, இரண்டாவது மூன்று வருஷம். மூன்றாவது ஜோடியின் இடது சோல் போன மாதம் ஓர் இறக்கத்தில் முன்பக்கமாக வாயைப் பிளந்துவிட்டது. வலது ஷூவின் லேஸைக் கழற்றி, இடது ஷூவையும் சோலையும் சேர்த்துக் கட்டி, மீதி இரண்டு மணி நேரத்தை எப்படியோ ஓட்டினேன். லேஸ் இல்லாத வலது கால், லேஸ் சுற்றிய இடது கால். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள், நல்லவேளை, யாரும் எதிரே வரவில்லை.

சரி, நாலாவது ஜோடிக்கு நேரம் வந்துவிட்டது என்று தேடினால் மாடலே கிடையாது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறதாம். அதே பெயரில் புது வடிவம் இருக்கிறது, இன்னும் மெத்தென்று இருக்கும் என்றார்கள். வாங்கினேன். பெயர் மட்டும்தான் அதே. முன்பக்கம் கூம்பிக்கொண்டு போகிறது, சோல் இரண்டு மடங்கு தடிப்பு. முதல் நடையிலேயே இரண்டு முறை கணுக்கால் மடங்கியது. திருப்பி அனுப்பிவிட்டேன். அப்புறம் ஒரு நண்பர் சத்தியம் செய்து சொன்னார் என்று வேறொரு கம்பெனி ஷூ வாங்கினேன். விரல்களுக்கு இடம் தாராளம், ஆனால் குதிகால் உள்ளே ஏறி இறங்கி, மூன்றாவது கிலோமீட்டரில் கொப்புளம்.

பழைய ஷூவில் எனக்குப் பிடித்தவை: விரல்கள் விரிந்து உட்காரும். குதிகால் அசையாது. மேல்பாகம் பழுப்பு ஸ்வேட் தோல், வாட்டர்ப்ரூஃப் கிடையாது. ஓடையில் இறங்கி நனைந்தாலும் இரவு காற்றில் வைத்தால் காலையில் போட்டுக்கொள்ளலாம். அடியில் இருக்கும் கல் கல்லாகவே தெரியும், ஆனால் குத்தாது. ஒரு ஷூ 410 கிராம், சமையலறைத் தராசில் வைத்து நானே நிறுத்தது.

கால் விவரம்: முன்பாதம் அகலம், குதிகால் ஒடுக்கம், பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். வயது 47. முதுகில் எட்டு ஒன்பது கிலோவுக்கு மேல் சுமப்பதில்லை.

கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். சொன்னால் அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்ற சண்டையிலேயே திரி முடிந்துவிடும்.

கேள்வி இரண்டு. ஒன்று, இதே மாதிரி வேறு எது? இரண்டு, ஒருவர் என் பழைய மாடலையே, என் சைஸிலேயே, பெட்டி பிரிக்காமல் விற்கிறார். தயாராகி ஏழு வருஷம் ஆன சரக்கு. இரண்டு ஜோடி வைத்திருக்கிறார். வாங்கிவிடலாமா? கை பரபரக்கிறது.


நடைராஜா:

அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டையும் இன்றைக்கே வாங்குங்கள். என் பூட்ஸ் மாடலை நிறுத்தப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததுமே மூன்று ஜோடி வாங்கி அலமாரி மேல் அடுக்கிவிட்டேன். ஆறு வருஷம் ஆச்சு. ஒன்றைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், மற்ற இரண்டும் பெட்டி மேல் பிளாஸ்டிக் உறை சுற்றி பத்திரமாக இருக்கின்றன. அறுபது வயது வரை எனக்கு ஷூ கவலை இல்லை.


லாஸ்ட்பெஞ்ச்:

வாங்க வேண்டாம். நடைராஜா, நீங்களும் அந்தப் பெட்டிகளை ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

நான் செருப்புத் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் (பெயரில் இருக்கும் லாஸ்ட், பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்ச் மட்டும் இல்லை, ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கும் கால் வடிவக் கட்டைக்கும் லாஸ்ட் என்றுதான் பெயர்). அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

தரையில் படும் ரப்பருக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் ஒரு மெத்தை அடுக்கு இருக்கிறது. அதுதான் மிட்சோல். மலை ஷூக்களில் அது பெரும்பாலும் இரண்டு நுரை வகைகளில் ஒன்றாக இருக்கும்: ஈவிஏ அல்லது பாலியூரித்தேன். ஈவிஏ லேசானது, நடக்க நடக்க உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் நசுங்கித் தட்டையாகிவிடும். பாலியூரித்தேன் கனம் கூடுதல், சீக்கிரம் நசுங்காது, அதனால்தான் சுமை தூக்குபவர்களுக்கு அதைப் போடுகிறார்கள். ஆனால் அதற்கு ஒரு வியாதி உண்டு. காற்றில் இருக்கும் ஈரம் அதன் மூலக்கூறு இணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். ஹைட்ராலிசிஸ் என்பார்கள். நீங்கள் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நடக்கும். சூடும் புழுக்கமும் சேர்ந்தால் வேகமாக நடக்கும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடி வைத்தால் ஈரத்தையும் கூடவே வைத்துப் பூட்டியதாக ஆகும்.

என் கதையே சொல்கிறேன். எட்டு வருஷம் பெட்டியில் இருந்த புத்தம் புது பூட்ஸ். வெளியே ஒரு கீறல் கிடையாது. நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில், காலடியில் என்னவோ நெருநெருவென்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் சாம்பல் நிறத் தூள். மிட்சோல் ஈரம் குடித்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. இன்னும் அரை மணியில் ரப்பர் அடி தனியாக, நான் தனியாக.

ஏழு வருஷச் சரக்கு என்றால் பாலியூரித்தேனாக இருந்தால் தொடவே தொடாதீர்கள். ஈவிஏவாக இருந்தால் அப்படி உதிராது, ஆனால் ஒட்டிய பசைக்கும் வயது உண்டு. உங்கள் இடது சோல் வாய் பிளந்ததும் பசை விட்டதால்தான் இருக்கும். ஷூ நாக்கின் உள்பக்க லேபிளில் பல கம்பெனிகள் தயாரித்த மாதமும் வருஷமும் அச்சடிப்பார்கள். இனி எந்த ஷூ வாங்கினாலும் அதை முதலில் பாருங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மாடல் பெயரை வைத்துத் தேடாதீர்கள். பெயர் விளம்பரக்காரர்களுக்குச் சொந்தம். காலுக்குச் சொந்தமானது லாஸ்ட். ஒரே பெயரில் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று வரும்போது லாஸ்ட்டை மாற்றியிருப்பார்கள், தொழிற்சாலையை மாற்றியிருப்பார்கள், சோலை மாற்றியிருப்பார்கள். பெயர் மட்டும் மாறாது, ஏனென்றால் அதற்குத்தான் வாடிக்கையாளர் இருக்கிறார்கள். அதே சமயம் ஒரே லாஸ்ட்டில் நாலு வேறு பெயர்களில் ஷூ வரும். கம்பெனிக்கு மறுபடி எழுதும்போது "இந்த மாடல் இருக்கிறதா" என்று கேட்காமல், "இந்த மாடலுக்குப் போட்ட லாஸ்ட்டில் இப்போது வேறு எந்த ஷூ தைக்கிறீர்கள்" என்று கேளுங்கள். சில கம்பெனிகள் பதில் சொல்லும்.

அதற்கு முன் ஒரு வேலை. பழைய ஷூவின் இன்சோலை (உள்ளே கால் படும் மெல்லிய விரிப்பு) வெளியே எடுங்கள். நீளம், அகலமான இடத்தின் அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளங்கள். அப்புறம் சாயங்காலம், கொஞ்சம் நடந்துவிட்டு வந்த பிறகு, நீங்கள் மலைக்குப் போடும் காலுறையோடு ஒரு காகிதத்தின் மேல் நில்லுங்கள். இரண்டு காலையும் வரைந்து அளங்கள். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு அளக்காதீர்கள், எடை இறங்கினால்தான் கால் தன் நிஜ அளவைக் காட்டும். எண்களை இங்கே போடுங்கள்.


கூழாங்கல்:

ஒரு சின்ன இடைச்செருகல். பழைய ஷூவின் அடியில் மஞ்சள் எண்கோண முத்திரை இருந்ததா? பலர் "விப்ரம் சோல் இருந்தால் போதும்" என்று அதை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். விப்ரம் என்பது சோல் செய்யும் கம்பெனி. அவர்களிடமே பல வகை ரப்பர் உண்டு. சிலது தேயாது, ஆனால் ஈரப்பாறையில் வழுக்கும். மெகாகிரிப் மாதிரி சிலது ஈரத்தில் பிடிக்கும். முத்திரை ஒன்றே, குணம் வேறு.

அந்தப் பெயரின் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி. 1935-ல் ஆல்ப்ஸில் அவரோடு போனவர்களில் ஆறு பேர் இறந்துபோனார்கள். அந்தக் காலத்தில் பாறை ஏற ஒரு ஷூ, பனியில் நடக்க ஆணி அடித்த கனமான பூட்ஸ் என்று இரண்டு வகை. ஏறும் ஷூவோடு பனிப்புயலில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டுக்கும் உதவும் சோல் வேண்டும் என்று அவர் இறங்கி, 1937-ல் ரப்பர் சோலுக்குக் காப்புரிமை வாங்கினார். பெயரின் முன்பாதியையும் குடும்பப் பெயரின் முன்பாதியையும் ஒட்டினால் விப்ரம். 1954-ல் கே2 உச்சியை முதலில் தொட்ட இத்தாலியர்கள் கால்களில் இருந்ததும் அந்த சோல்தான். இன்றைக்கு நம் ஷூவின் அடியில் இருக்கும் கட்டம் கட்டமான பற்களெல்லாம் அதன் பிள்ளை பேரன்கள்.

கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். மன்னிக்கவும்.


ஒத்தையடி:

கூழாங்கல், சம்பந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உடனே போய்த் திருப்பிப் பார்த்தேன். முத்திரை இருக்கிறது, பாதி தேய்ந்து.

லாஸ்ட்பெஞ்ச் சார், நேற்று சாயங்காலம் அளந்தேன். நீங்கள் சொன்னபடியே செய்தேன், வரைந்தது என் மகள். முடிவு எனக்கே குழப்பமாக இருக்கிறது.

பழைய இன்சோல் நீளம் 258 மில்லிமீட்டர், அகலம் 94. ஷூ ஐரோப்பிய அளவில் 39. என் இடது கால் நீளம் 252, வலது 248. முன்பாத அகலம் இடது 101, வலது 99.

ஒன்பது வருஷத்துக்கு முன் முதல் ஜோடி வாங்கியபோது கடையில் அளந்த எண் பெட்டி மூடியில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருக்கிறது (பெட்டியை வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்): 245. அதாவது என் கால் 7 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறதா? 47 வயதில்? அல்லது அன்றைக்கு அளந்தவர் தப்பாக அளந்தாரா?

இன்னொன்று. 94 அகல இன்சோலில் 101 அகலக் கால் எப்படிப் போய் இத்தனை வருஷம் சுகமாக உட்கார்ந்தது?


லாஸ்ட்பெஞ்ச்:

உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது.

கால் வளரும். எலும்பு வளர்வதில்லை, பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநார்கள் வயதாக ஆகத் தளர்கின்றன, வளைவு கொஞ்சம் இறங்குகிறது, பாதம் நீளமும் அகலமும் ஆகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தச் சமயத்திலேயே கூட நடக்கும். அன்றைக்குக் காலையில் உட்கார வைத்து அளந்திருந்தால் அதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போகும். மீதி உங்கள் கால்தான்.

அகலத்துக்கு வருகிறேன். பழைய ஷூவை மேசை மேல் வைத்து, முன்பக்கத்திலிருந்து கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் தோல், சோலின் விளிம்பைத் தாண்டி வெளியே பிதுங்கி நிற்கும். நிற்கிறதா? அந்தப் பிதுக்கம் லாஸ்ட்டில் இருந்ததில்லை. உங்கள் கால் இரண்டு வருஷமாகச் செய்தது. ஸ்வேட் தோல் அதற்கு இடம் கொடுத்தது. புது ஷூக்களில் மேல்பாகம் பெரும்பாலும் செயற்கை வலைத்துணி, அதன் மேல் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் பட்டை. அது அப்படி இளகாது. முதல் நாள் இறுக்கினால் கடைசி நாளும் இறுக்கும்.

நீளம் மட்டும் எந்தத் தோலும் தராது. அதனால் ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். கடைசி ஜோடியில் இறக்கத்தில் இடது கால் விரல் நகம் கறுத்ததா?


ஒத்தையடி:

சார், நீங்கள் ஜோசியமும் பார்ப்பீர்களா?

இரண்டு வருஷமாக இடது இரண்டாம் விரல் நகம் கறுக்கிறது. ஒரு தடவை விழுந்தே போய்விட்டது. இறக்கம் அதிகம், அதனால் என்று நினைத்திருந்தேன். ஷூவைக் குறை சொல்ல ஒரு நிமிஷம் கூடத் தோன்றவில்லை.

பிதுக்கமும் அப்படியே இருக்கிறது. மகள் பார்த்துவிட்டு, ஷூவுக்கே தொப்பை போட்டிருக்கிறது என்கிறாள்.

அப்புறம் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பழைய நடைக் குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் ஜோடி வாங்கிய மாதம் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "வலது குதிகால் பிளாஸ்திரி. இரண்டு பக்கமும் சுண்டுவிரல் பிளாஸ்திரி. இந்த ஷூ சரிப்படாது போல." இதை எழுதியது நான்தானா என்று இரண்டு தடவை படித்தேன்.


தேய்ந்தமுட்டி:

இவ்வளவு நேரம் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், இனி தாங்காது. உங்கள் காலும் என் காலும் அக்கா தங்கை. முன்னால் விசிறி, பின்னால் ஒடுக்கம். அதனால் என் அனுபவம் உதவலாம்.

முன்பக்கம் அகலமான ஷூ என்றால் எல்லோரும் முதலில் சொல்வது ஆல்ட்ரா கம்பெனி. நிஜமாகவே விரல்கள் காற்று வாங்கும். ஆனால் அதன் பெரும்பாலான மாடல்களில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம், அதாவது டிராப் (இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்) பூஜ்யம். வழக்கமான மலை ஷூக்களில் குதிகால் 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும். அதில் பத்து வருஷம் நடந்துவிட்டு ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறங்கினால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும் விசில் அடிக்கும். எனக்கு மூன்று வாரம் மாடிப்படி இறங்கவே முடியவில்லை. தப்பு ஷூ மேல் இல்லை. சின்னச் சின்ன நடையாகப் பழக்கியிருக்க வேண்டும், நான் முதல் நாளே பதினெட்டு கிலோமீட்டர் போனேன்.

கீன் கம்பெனி ஷூவும் முன்பக்கம் அகலம்தான், விரல் முன்னே பெரிய ரப்பர் கவசமும் உண்டு. என் குதிகாலுக்கு அது கொஞ்சம் தளர்ச்சி. மெரல் மோவாப் 2007-லிருந்து இருக்கிறது, அகல அளவிலும் கிடைக்கிறது. ஆனால் சாதா அகலத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்பவர்கள் அதிகம். அகல அளவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விரலுக்கு இடம், குதிகாலுக்குப் பிடி இரண்டும் சேர்த்து வேண்டுமென்றால் டோப்போ ஒன்றைப் போட்டுப் பாருங்கள். டிராப் 5 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ இருக்கும், அதனால் இதிலும் பழக்கம் வேண்டும்.

சோல் தடிப்பு பற்றி. 2009-ல் ஹோகா கம்பெனி அந்தத் தடித்த சோலோடு வந்த பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தடிப்புக்குப் போய்விட்டார்கள். என் முட்டிக்கு அது வரம். கணுக்கால் மடங்கும் சுபாவம் இருந்தால் அதே தடிப்பு தொல்லை, ஏனென்றால் உயரத்தில் நிற்கிறீர்கள். ஒத்தையடி அக்காவுக்கு மெல்லிசுதான் சரி என்று தோன்றுகிறது.

ஒரே மாடலில் வாட்டர்ப்ரூஃப் ஒன்று, சாதா ஒன்று என்று இருந்தால் சாதாவை எடுங்கள். மேல் வழியாக உள்ளே போன தண்ணீருக்கு அந்தச் சவ்வு வெளியே போகவும் வழி விடாது, காய நாளாகும். என் காலுக்கு வாட்டர்ப்ரூஃப் ஜோடி உள்ளே கொஞ்சம் இறுக்கமாகவும் இருந்தது.


லாஸ்ட்பெஞ்ச்:

தேய்ந்தமுட்டி சொன்னது எல்லாம் சரி. சைஸ் மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பணம் தெரிந்தே வீணாகிறது.

ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் 6.67 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கு 8.47, அரை எண்ணுக்கு 4.23. இரண்டும் ஒன்றோடொன்று ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. பெட்டியில் இரண்டு எண்ணும் போட்டிருந்தால் ஒன்று நிஜம், இன்னொன்று பக்கத்தில் இருப்பதைப் பார்த்து எழுதியது. அதனால் உங்கள் கால் அளவை மில்லிமீட்டரில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 252. இறக்கத்தில் விரல் இடிக்காமல் இருக்க முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், 10 முதல் 12 மில்லிமீட்டர். ஆக உள்ளே 262-லிருந்து 264 வரை வேண்டும். 39-ன் லாஸ்ட் நீளம் 260. 40-ன் நீளம் 267. நீங்கள் 40. பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும், சின்னக் காலைக் காலுறையால் சமாளிக்கலாம்.

புது ஷூவைக் கையில் எடுத்ததும் மூன்று காரியம். இன்சோலை உருவி அதன் மேல் நின்று பாருங்கள். கால் விளிம்பைத் தாண்டினால் அதைக் கீழே வைத்துவிடுங்கள், போட்டுப் பார்க்கவே வேண்டாம். ஷூவை இரண்டு முனையிலும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுப்பாதத்தில் மடங்கினால் மலைக்கு ஆகாது. துணி பிழிவது போலத் திருகுங்கள். பழைய ஷூவையும் கூடவே கொண்டு போய் அதையும் திருகி, இரண்டும் கையில் எப்படித் தெரிகிறது என்று ஒப்பிடுங்கள். தேய்ந்த ஷூ கொஞ்சம் சுலபமாகத் திருகும், அதைக் கணக்கில் வையுங்கள்.

குதிகால் லேசாக ஏறினால் உடனே கைவிட வேண்டாம். மேலே கடைசி இரண்டு துளைகளில், லேஸை அதே பக்கத்துத் துளையில் மேலிருந்து உள்ளே விட்டு ஒரு சின்ன வளையம் செய்யுங்கள். எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்னுக்குப் போய் உட்காரும்.

பழைய ஜோடியைத் தூக்கி எறியாதீர்கள். மேல்பாகம் நன்றாக இருந்தால் ஒரு நல்ல செருப்பு தைப்பவரிடம் காட்டுங்கள். மிட்சோல் உறுதியாக இருந்தால் மறுபடி ஒட்டலாம். மலைக்கு இல்லாவிட்டாலும் நடைக்கு வரும்.


நடைராஜா:

அண்ணா, இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை, இன்று காலையில் பெட்டியைப் பிரித்தேன். நாக்கு லேபிளில் பார்த்தால் தயாரித்து ஒன்பது வருஷம். நான் வாங்கும்போதே மூன்று வருஷம் பழசு! மிட்சோலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். நகம் பதிந்த இடம் அப்படியே குழியாக நின்றுவிட்டது, ஓரத்தில் ஒரு துண்டு கையோடு வந்தது.

இன்னொரு பெட்டியைத் திறக்கவில்லை. திறக்காத வரை அது நல்ல ஷூ.


லாஸ்ட்பெஞ்ச்:

நடைராஜா, வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது போட்டுக்கொண்டிருப்பதும் அதே வயது என்பதை மறக்காதீர்கள். அதை நீண்ட பாதைக்கு எடுத்துப் போகாதீர்கள். போனால் பையில் கொஞ்சம் கயிறு இருக்கட்டும்.


ஒத்தையடி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எழுதாமல் விட்டால் இந்தத் திரியைப் பின்னால் படிப்பவர்கள் சபிப்பார்கள்.

கம்பெனிக்கு லாஸ்ட் கேள்வியை எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: அந்த லாஸ்ட்டில் இப்போது எதுவும் தைப்பதில்லை. சரி, அந்தக் கதவு மூடியது. பழைய சரக்கு விற்றவரிடம் மிட்சோல் என்ன என்று கேட்டேன், தெரியாது என்றார். விட்டுவிட்டேன். விடும்போது மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது.

மொத்தம் ஏழு ஜோடி பார்த்தேன். பழைய இன்சோலைப் பையில் போட்டு எடுத்துப் போகவில்லை, அதற்குப் பதிலாக மகள் வரைந்த கால் படத்தை அட்டையில் வெட்டி எடுத்துப் போனேன். இன்சோல் மேல் அட்டையை வைத்த உடனே நாலு ஜோடி அடிபட்டுப் போயின. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், அப்புறம் அவரே அட்டையை வாங்கி வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மீதி மூன்றில் ஒன்று தடித்த சோல். கடைசியில் ஒன்றை எடுத்தேன். எண் 40. பெயர் சொல்லவில்லை, காரணம் அதே. என் காலுக்குச் சரி என்பதால் உங்களுக்குச் சரி ஆகாது. 5 மில்லிமீட்டர் டிராப். 355 கிராம். தோல் இல்லை, வலைத்துணிதான். ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு மாடிப்படி ஏறி இறங்கினேன், சோல் அழுக்காகாமல் இருந்தால் திருப்பிக் கொடுக்க முடியுமே என்று. அப்புறம் ஐந்து கிலோமீட்டர், எட்டு, போன ஞாயிறு பதினான்கு. கெண்டைக்கால் முதல் இரண்டு தடவை முனகியது. நகம் கறுக்கவில்லை. இறக்கத்தில் விரல்களுக்கு முன்னால் இடம் இருப்பது வினோதமாக இருக்கிறது, காலியான பக்கத்து நாற்காலி மாதிரி.

பிடித்திருக்கிறதா என்று கேட்டால், இன்னும் தெரியவில்லை. குறிப்பு நோட்டில் "சரிப்படும் போல" என்று எழுதியிருக்கிறேன்.

பழைய இடது சோலை ஒட்டியாகிவிட்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது அதுதான்.

ஒரே ஒரு குறை. புது ஷூவின் லேஸ் உருண்டை, வழுவழுப்பு. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை அவிழ்ந்துவிடுகிறது. பழைய ஷூவின் தட்டை லேஸைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். லாஸ்ட்பெஞ்ச் சார் சொன்ன வளையம் போட்டால் முடிச்சுக்கு நீளம் போதவில்லை. அது 120 சென்டிமீட்டர். எத்தனை வாங்குவது?


லாஸ்ட்பெஞ்ச்:

துளை எத்தனை ஜோடி?


ஒத்தையடி:

ஆறு.


லாஸ்ட்பெஞ்ச்:

140 வாங்குங்கள். தட்டை லேஸாகவே.